காளி ஏன் பாம்பு பிடிக்க வேண்டும்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அப்பா என்ன வேலை செய்யறாரு?” சேர்க்கைப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆசிரியர் அதை நிரப்பியாக வேண்டும். ஆனால் எழுந்து நிற்கும் பிள்ளையை அந்த நேரத்தில் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. கம்பெனி வேலை, ஆட்டோ, மளிகைக் கடை என்று சொல்கிற பிள்ளை சொன்ன கையோடு உட்கார்ந்துவிடும். “பாம்பு பிடிப்பாரு” என்று சொல்ல வேண்டிய பிள்ளை என்ன செய்யும்?

காளி என்ற இருளர் சிறுவனுக்கு அந்தச் சங்கடம்தான். அப்பா பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர். வீட்டில் இருந்தவரை காளிக்கு அதில் பெருமைதான். பள்ளிக்கூடம் போன பிறகுதான் அது சிரிப்புக்குரிய விஷயமாகிறது. அவன் கொண்டுவருகிற தின்பண்டம் வறுத்த கறையான். அதைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படிப்பில் அவன் சுட்டி, ஆனால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஒருநாள் வகுப்புக்குள் பெரிய சாரைப்பாம்பு ஒன்று வந்துவிடுகிறது. எல்லோரும் அலறுகிறார்கள். காளி மட்டும் போய் அதை லாகவமாகப் பிடிக்கிறான். அன்றிலிருந்து அவன் வகுப்பின் நாயகன்.

சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட படப் புத்தகம் இது. கதை ஸாய் விட்டேக்கர். ஓவியம் ஸ்ரீவித்யா நடராஜன். அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு ஓவியங்களில் சொன்ன ‘பீமாயனா’ நூலின் எழுத்தாளர்களில் ஒருவராகப் பின்னாளில் அறியப்பட்டவர் இதே ஸ்ரீவித்யாதான். 2006-இல் இந்தப் புத்தகம் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது. சேர்ந்திருத்தல், தன்னம்பிக்கை பற்றிய குழந்தைகள் புத்தகம் என்று யாராவது கேட்டால், நம் பக்கத்து மண்ணிலிருந்து முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டியது இதைத்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க, ஏரிக்கரைகளிலும் ஊர்க்கோடிகளிலும் இருளர் குடியிருப்புகள் உண்டு. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கும் படப்பையின் சுற்றுவட்டாரத்தில் காளி கற்பனைப் பாத்திரம் அல்ல. ஏதோ ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தப் புத்தகத்தை எனக்கு நிரம்பப் பிடிக்கும். ஆனாலும் ஒரு கேள்வி வெகுநாளாக உறுத்துகிறது. பாம்பு வராமல் போயிருந்தால்?

மழைக்கால மாலை ஒன்றில் வகுப்புக்குள் பாம்பு நுழைவது எழுத்தாளரின் கையில் இருக்கிறது. மணிமங்கலம் பக்கத்திலோ ஆதனூர் பக்கத்திலோ படிக்கும் நிஜக் காளிக்கு அப்படியொரு பாம்பு வராது. ஐந்து வருடமும் யாரோடும் சேராமல் தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டுப் போவான். அல்லது நடுவிலேயே நின்றுவிடுவான். சாகசம் செய்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று அந்த வகுப்பு எழுதாத ஒரு விதி வைத்திருக்கிறது. கதை அந்த விதியை மாற்றவில்லை. அதில் காளியைத் தேர்ச்சி பெறவைக்கிறது. நம்முடைய தன்னம்பிக்கைக் கதைகள் பெரும்பாலானவற்றில் நடப்பது இதுவே. 1843-இல் ஆண்டர்சன் எழுதிய, தமிழிலும் பலவாறாகச் சொல்லப்பட்டுவரும் அந்த அழகில்லாத வாத்துக் குஞ்சின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது அன்னம் என்று தெரிந்த பிறகுதான் அதற்கு மரியாதை. வாத்தாகவே இருந்திருந்தால் அதன் கதி என்ன என்று அந்தக் கதை சொல்வதில்லை.

வெளியுலகம் இருளர்களை நடத்திய விதமும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதில்லை. பாம்புத் தோலுக்குச் சந்தை இருந்தவரை வியாபாரிகளுக்கு அவர்கள் வேண்டியிருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தபோது பிழைப்பு அறுந்தது. ஸாய் விட்டேக்கரும் சேர்ந்து உருவாக்கிய சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடநெம்மேலியில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்குப் பெருமளவு மூலப்பொருள் இங்கிருந்துதான் போகிறது. வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நெஞ்சு நிமிர வைக்கும் செய்தி. அதே ஆண்டில், அதே மாவட்டங்களில், தங்கள் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வாங்க வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த இருளர் பெற்றோரும் உண்டு. திறமையைக் கொண்டாடுகிறோம். ஆளைச் சேர்த்துக்கொள்வதில்தான் தயக்கம்.

கறையான் விஷயத்துக்கும் வருவோம். மழை விட்ட அந்தியில் விளக்கை ஏற்றிவைத்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து ஈசல் பிடித்ததும், இறகு உதிர்த்து, அரிசியோடு சேர்த்து வறுத்துக் கொறித்ததும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் எல்லாச் சாதி வீட்டுப் பாட்டிகளுக்கும் நினைவிருக்கும். அந்த ஈசலும் கறையான்தான். இரண்டு தலைமுறைக்குள் நாம் மறந்துவிட்டோம். காளியின் டப்பாவைப் பார்த்து முகம் சுளித்த பிள்ளைகளில் சிலரின் பாட்டி வீட்டு முற்றத்திலும் அதே வாசனை இருந்திருக்கும். இந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கிற ஆசிரியர், “உங்க பாட்டிகிட்ட ஈசல் சாப்பிட்டிருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்க” என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும். பாம்பு வராமலேயே காளிக்குப் பக்கத்தில் ஆள் வந்து உட்காரும்.

மரமேறிய சிறுமி

தூலிகாவிலிருந்தே 2013-இல் வந்த இன்னொரு புத்தகம் வேறு திசையில் போகிறது. தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்தது. டிப் டிப் என்றொரு குறும்புக்காரி. தோழியின் பூனை காணாமல் போகிறது. டிப் டிப் தேடிக் கிளம்புகிறாள், பூனையைக் கண்டுபிடிக்கிறாள், மரத்திலும் ஏறிவிடுகிறாள். அவள் சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி. இது படத்தைப் பார்த்தால் தெரியும். எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ஊனத்தை வென்றாள் என்று கதை கைதட்டவும் இல்லை. அவளுடைய கவலை முழுக்கப் பூனையைப் பற்றியது.

படப்பையில் ஒரு லைன் வீட்டு வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் படங்களைக் காட்டிக் கதை சொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள். கதை சொன்னவர் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கல்லூரி மாணவி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. “அக்கா, இந்த வண்டிய மண்ணுல எப்படி ஓட்டிக்கினு வந்தா? சக்கரம் புதையாதா?” அடுத்த பையன் தன் தாத்தாவின் தள்ளுவண்டிச் சக்கரம் மழைநாளில் புதைவதைச் சொன்னான். பலகை போட்டால் வரலாம் என்றது ஒரு குரல். பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும் என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்துக்குப் பூனை மறந்துபோய், டிப் டிப் தங்கள் தெருவுக்கு வந்தால் கால்வாய் மேல் எந்த இடத்தில் கடக்க முடியும் என்று பேச்சு ஓடியது. அவளுக்கு என்ன ஆயிற்று, ஏன் நடக்க முடியவில்லை என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. அவள் தெருவுக்கு வருவாள் என்பது முடிவாகிவிட்டது. தெருவை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் பேச்சு.

பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் காட்டும் வேலையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். தன்னம்பிக்கையைக் குழந்தைக்குள் ஊற்றிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். ‘உன்னால் முடியும்’ என்ற வாசகத்தைப் பள்ளிச் சுவரெங்கும் எழுதுகிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை வருவது, தான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் தன்னை அந்த இடத்துக்கு உரிய ஆளாக மற்றவர்கள் நடத்தும்போது. மாற வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். நல்ல படப் புத்தகம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் செய்தது ஏறக்குறைய இதுவே. பத்திரிகை ஒன்றில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை 1940-இல் வெட்டி எடுத்து இருபது வருடத்துக்கும் மேல் பத்திரமாக வைத்திருந்தார். தான் வரைந்து கொடுத்த புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளைகள் நாயகர்களாக வரவே இல்லை என்ற குறை அவருக்கு. கடைசியில் தானே எழுதி வரைந்த புத்தகத்தில் அந்தச் சிறுவனைப் பீட்டர் என்ற பெயரில், சிவப்பு உடையில், பனி கொட்டிய தெருவில் இறக்கிவிட்டார். பீட்டர் எந்த வீரச் செயலும் செய்வதில்லை. பனியில் கால்தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அவ்வளவே. 1963-இல் அந்தப் புத்தகத்துக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் தன் 125-ஆம் ஆண்டில், 2020-இல், அதுவரை அங்கு மிக அதிக முறை இரவல் போன புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது முதலிடம் இதற்குத்தான்: 4,85,583 முறை. ஒரு சிறுவன் பனியில் விளையாடுவது, வேறொன்றுமில்லை.

அங்கே குழந்தை இலக்கியம் பற்றிப் பேசும்போது ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர் 1990-இல் எழுதிய கட்டுரையைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். புத்தகம் சில பிள்ளைகளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, சிலருக்கு அடுத்த வீட்டைப் பார்க்கும் ஜன்னல், சில நேரம் உள்ளே போகும் கதவு என்றார் அவர். நம் ஊரில் ஜன்னலுக்குக் குறைவு இருந்ததில்லை. கண்ணாடிக்குத்தான் பஞ்சம்.

நம் படங்களில் யார் இருந்தார்கள்?

தமிழில் குழந்தைகளுக்கு எழுதியவர்கள் குறைவில்லை. ‘அம்புலிமாமா’ 1947 ஜூலையில் வந்தது. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ‘கண்ணன்’, ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பத்திரிகை இருந்தது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் எழுத்தை நம்பியவை. படம் துணைக்கு வரும். படமே கதையைச் சுமக்கும் புத்தகம், எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை மடியில் வைத்துப் பார்க்கும் புத்தகம், தமிழுக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. அந்த இடத்தைக் கொஞ்சகாலம் நிரப்பியவை சோவியத் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மலிவு விலைக்குக் கிடைத்த அந்த வண்ணப் படங்களில் நம் பிள்ளைகள் பிர்ச் மரங்களையும் பனி மூடிய கூரைகளையும் பார்த்து வளர்ந்தார்கள். அந்த அழகுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணிமங்கலம் ஏரியில் வலை வீசும் ஆளை, சூளையில் கல் அறுக்கும் அம்மாவை, பிளாஸ்டிக் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கும் அக்காவை எந்தப் பக்கத்திலும் அவர்கள் பார்க்கவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கதைப் படங்களில் இளவரசனும் இளவரசியும் மாம்பழ நிறம். அரக்கனும் திருடனும் கருப்பு. எத்தனையோ வருடம் இதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. பிள்ளைகள் கவனித்தார்கள். கிரேயான் பெட்டியில் இளஞ்சிவப்பை எடுத்து ‘தோல் கலர்’ என்று சொல்லும் பழக்கம் கருத்த பிள்ளைகளிடமும் இருக்கிறது. தன் அம்மாவை வரையச் சொன்னால் அந்தக் கலரை எடுக்கிறது குழந்தை. அம்மாவின் நிறம் அதற்குத் தெரியாதா? தெரியும். படத்தில் வரும் ஆட்களுக்கு இந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஓவியர் தேர்ந்தெடுக்கும் பழுப்பும் கருப்பும் வெறும் அலங்காரம் இல்லை என்கிறேன்.

1994-இல் தொடங்கிய, சென்னையின் இன்னொரு பதிப்பகமான தாரா, பழங்குடி, நாட்டார் ஓவியர்களைப் புத்தகங்களின் ஆசிரியர்களாகவே முன்னிறுத்தி வருகிறது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு நூல் துலாரி தேவியின் சொந்தக் கதை. பீகாரின் மதுபனியில் மீனவச் சாதியில் பிறந்து, பிறர் வீட்டில் வேலை செய்து, அந்த வீட்டு ஓவியர்களைப் பார்த்துத் தானும் வரையத் தொடங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது விருது அல்ல; விருதுக்குப் பத்து வருடம் முன்பே வந்த புத்தகம் அது. வேலைக்காரப் பெண் ஒருத்தி தான் பார்த்ததைத் தன் கோட்டில் வரைகிறாள், அது புத்தகமாகிறது. அந்த வரிசை எனக்கு முக்கியம்.

சேர்த்துக்கொள்ளாத வகுப்பு

எல்லாக் கதையும் சேர்த்துக்கொள்வதில் முடிய வேண்டும் என்றும் இல்லை. சௌம்யா ராஜேந்திரன் எழுதி சாத்விக் கடே வரைந்த, 2015-இல் வந்த அம்பேத்கர் பற்றிய படப் புத்தகத்தை நினைத்துக்கொள்கிறேன். சிறுவன் பீமராவ் உட்காரத் தன் வீட்டிலிருந்தே கோணிப்பையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. அவனை அந்த வகுப்பு கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொண்டதாகப் பொய்யாக முடிக்கவும் முடியாது. அவன் செய்தது, ‘ஏன்?’ என்று கேட்டது. சேர்த்துக்கொள்ளாத இடத்திலும் தவறு தன்னிடம் இல்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு! இந்தத் தெம்பைக் கொடுக்கும் புத்தகம் தமிழ்நாட்டில் இன்றும் தேவைப்படுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பள்ளி மாணவனை, வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவுக்குப் பொறுப்பேற்றவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு. 1993-இல் காவல் நிலையத்தில் உயிரிழந்த ராஜாக்கண்ணுவின் வழக்கை வழக்கறிஞராக நடத்தியவர் அவர்; ‘ஜெய் பீம்’ படத்தில் அந்தக் குடும்பத்தை இருளர் குடும்பமாகப் பார்த்தோம். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது என்பது. கயிற்றைச் சட்டத்தால் அவிழ்க்கலாம். கட்டும் ஆசையை அவிழ்ப்பதற்குத்தான் விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்ற சின்னஞ்சிறு கதைப் புத்தகம் எழுதினார். தமிழகமெங்கும் ஆசிரியர்கள் அதை வாங்கி வகுப்பில் வாசித்தார்கள். அவருடைய ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ நாவலுக்கு 2025-இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. தமிழ் எழுத்தாளர்கள் இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

கயிறு தென்மாவட்டத்துச் சங்கதி என்று படப்பையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. இங்கே பிரிவினை வேறு உருவில் வருகிறது. 2010-இல் ரெனால்ட் நிஸான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடத்தில் தொழிற்சாலைகள் அடுத்தடுத்துத் திறந்தபோது இந்தச் சாலையின் முகமே மாறிப்போனது. வயலாக இருந்த இடமெல்லாம் மனை. தெருவுக்குத் தெரு லைன் வீடு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். முதலில் தனியாக வந்தவர்களில் பலர் இப்போது குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் ஊர் அரசுப் பள்ளியில் அ, ஆ எழுதுகிறார்கள். ‘இந்திக்காரப் பையன்’ என்று பெயர். ஒடியா பேசும் பையனும் இந்திக்காரன்தான், வங்காளம் பேசும் பெண்ணும் இந்திக்காரிதான். ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் தமிழை நன்றாகப் பேசிவிடுகிறார்கள். கடைக்கு அம்மாவை அழைத்துப்போய்ப் பேரம் பேசுவதே அவர்கள்தான். பெயர் மட்டும் மாறுவதில்லை.

நான் சொன்ன அந்த வாசலில் ஒடியா வீட்டுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆறு வயது இருக்கும். கதை முடியும்வரை வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தின் ஓரத்தில் எங்கேயோ விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எழுத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்கள். கதை சொன்ன மாணவி கைப்பேசியில் வேறொரு கதையைத் திறந்தார். அந்தக் கதைக்கு இரண்டு பதிப்புகள்: ஒரே படங்கள், ஒன்றில் தமிழ், இன்னொன்றில் ஒடியா. ஒடியாவைப் படிக்கச் சிறுமியின் அம்மாவை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்த அந்த அம்மா முதலில் தயங்கினார், பிறகு சத்தமாகவே படித்தார். தமிழ்ப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஒலியைக் கேட்டார்கள். அன்று மாலை அந்தத் தெருவில் எல்லோர் முன்னாலும் புத்தகம் வாசித்துக் காட்டிய ஒரே அம்மா அவர்தான். சிறுமி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அந்தக் கதை வந்தது ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. அங்குள்ள கதைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும். அதற்குத் தகுந்த உரிமத்தோடுதான் வெளியிடுகிறார்கள். ஒடியாவும் தமிழும் அதில் உண்டு. வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இதைவிடச் சுலபமாகத் தொடங்கக்கூடிய காரியம் வேறு தெரியவில்லை.

காகிதம், மை, காசு

இவ்வளவு நல்ல புத்தகங்கள் இருந்தும் படப்பை வீடுகளில் ஏன் இல்லை? பதிலின் பாதி அச்சகத்தில் இருக்கிறது. நாவலைக் கறுப்பு மையில் ஓட்டிவிடலாம். படப் புத்தகத்துக்கு நான்கு வண்ணம், கனமான தாள், கெட்டி அட்டை. பக்கம் 24 அல்லது 32-தான். ஆனாலும் செலவு பக்கத்தைப் பார்த்துக் குறைவதில்லை. ஒரே படத்தைப் பல மொழிகளில் வெளியிடும் பதிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வண்ணங்களை எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு, எழுத்து இருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். தமிழுக்கு ஆயிரம் பிரதி மட்டும் போதும் என்றாலும் கட்டுபடியாகும். அப்படியும் கடையில் விலையைப் பார்க்கும் அப்பா, இருபத்துச் சொச்சம் பக்கத்துக்கு இவ்வளவா என்று திரும்ப வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய காசு அது.

ஆகவே இது கடையால் தீரும் விஷயம் இல்லை. பள்ளியும் நூலகமும்தான் தீர்க்க வேண்டும். பள்ளியில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கதைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போயின. பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகத்தைக் கையில் தொடாத பிள்ளைகள் இவற்றை ஆளுக்கொன்றாக எடுத்துப் படித்ததை ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் பிள்ளைகளே எழுதவும் வரையவும் செய்கிறார்கள். இவற்றை ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டி வைக்காத பள்ளிகளில் பலன் கண்கூடு. கிழிந்துபோகும் என்ற பயத்தில் பூட்டுகிறார்கள். கிழியட்டும். கிழிந்த புத்தகம் பல கை மாறிய புத்தகம்.

நூலகத்தின் கதை இன்னும் பழையது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது இங்கேதான், 1948-இல். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. படப்பையில் வீடு வைத்திருப்பவர்களும், லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களும் கட்டுகிறார்கள். அந்த வாடகையைக் கொடுக்கும் ஒடியாக் குடும்பமும் சுற்றிவளைத்து அதற்குப் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் முறை நெடுங்காலம் ஃபாரம் கணக்கில், அதாவது பக்கத்தைப் பார்த்து விலை வைக்கும் வழக்கத்தில் ஓடியது. 300 பக்க நாவலுக்கு அது சரியாக வரும். 24 பக்க வண்ணப் புத்தகத்துக்கு அச்சுக் கூலிகூடத் தேறாது. படப் புத்தகப் பதிப்பாளர்கள் நூலகத்தை நம்பி அச்சடிக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தளமே இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்தால் கண் நிறையும். படப்பையிலிருந்து அங்கே போக ஒரு அம்மா கிளம்ப வேண்டுமானால் ஒருநாள் கூலியை விட வேண்டும். வண்ணப் படப் புத்தகங்களுக்குத் தனி விலைக் கணக்கு வைத்து, கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் முதலில் அனுப்ப வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிளை நூலகத்தில் உறுப்பினராக இருக்கும் யாரும் தங்களுக்கு வேண்டிய புத்தகத்தைக் கேட்டு நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். காளி, டிப் டிப், துலாரி தேவி, கேள்வி கேட்ட பீமராவ் என்று நான்கு பேரைக் குறித்துக்கொண்டு, பதிப்பகத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதி, மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருப்போம்.